சிவப்பு வராத படங்கள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது நான் செய்யாறில், தொழிற்சாலை ஸ்டோர்ஸில், புதிதாக வந்த பேரிங் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்தான் போன் செய்தாள். "அண்ணா, ஜல்தியா வாங்க. அண்ணி கீழ உழுந்துட்டாங்க. வாய் ஒரு பக்கமா கோணிகினு கீது." தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். நான் ஆரணிக்கு வந்து சேர்வதற்குள் அவளும் அவள் புருஷனும் என் மனைவியை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்த டாக்டர்கள் வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

வேலூரில் கோடை முழுவதும் கிடந்தோம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது காலை இழுத்து இழுத்து நடக்கலாம், கை கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார்கள். பேச்சைப் பற்றி மட்டும் யாரும் உறுதியாக எதையும் சொல்லவில்லை.

பேச்சு அடியோடு போய்விடவில்லை. ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "வருது." சாப்பிட்டாயா என்றால் வருது. வலிக்கிறதா என்றால் வருது. மகள் வந்திருக்கிறாள் பார் என்றாலும் வருது. சிலருக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் நாக்கில் நின்றுவிடும், அது அவர்கள் அதிகம் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம் என்று ஒரு இளம் டாக்டர் விளக்கினார். அவருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்கும் மகளுக்கும் தெரிந்திருந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. பக்கவாட்டில் நான்கு கண்ணாடி போன்ற தொட்டிகளில் மை ஊற்றி வைக்கும் வகை. மகள் கல்லூரியில் படிக்கும்போது பிராஜெக்ட் வேலைக்காக வாங்கினோம். அவள் கல்யாணமாகிக் கலசப்பாக்கம் போன பிறகு அது என் மனைவியின் கைக்கு வந்தது. முதலில் தெருவிலிருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தலைவர்கள் படம், மேப். பிறகு சாதிச் சான்றிதழ், பட்டா என்று ஆன்லைனில் எடுக்கும் காகிதங்கள். அதற்கும் பிறகு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பட்டு வியாபாரி வீட்டிலிருந்து புடவைப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள். அரக்குக் கரையும் நடுவில் மயிலும் போட்ட சின்ன லேபிள். அந்த அரக்கு நிறம் ஒரு தாளில் கொஞ்சம் வெளுத்து வந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடிப்பாள். வாசலில் நிற்கிறவர்கள் "ஆச்சாக்கா?" என்று கேட்பார்கள். உள்ளிருந்து "வருது, வருது" என்பாள். நாள் முழுக்க இதே பேச்சுதான்.

நான் அந்த மெஷினைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்று சொல்வது சரி. "உங்க இரும்பு சாமானையெல்லாம் கம்பெனியோட வெச்சிக்குங்க. இது கிட்ட வராதீங்க" என்பாள். வேலை எதுவும் வராத நாட்களில்கூட, சதுரம் சதுரமாக வண்ணம் நிரப்பிய ஒரு பக்கத்தை அடித்து எடுப்பாள். "ஏம்மா, சும்மா எதுக்கு மையை வேஸ்ட் பண்ற?" என்று கேட்டால், "இது சும்மா கெடந்தா செத்துடுங்க" என்பாள். அந்த வண்ணத் தாள்களின் பின்பக்கத்தில்தான் மளிகைச் சாமான் எழுதித் தருவாள்.

வேலூரிலிருந்து திரும்பியபோது பிரிண்டர் மேல் போட்டிருந்த பழைய துண்டு, வெயிலிலும் தூசியிலும் அட்டை மாதிரி விறைத்திருந்தது. அவளுக்கு முன்னறையிலேயே கட்டில் போட்டோம். உள் அறைக்குப் போக ஒரு படி ஏற வேண்டும். அவளால் முடியாது. அதனால் அவள் படுத்தால் கண்ணுக்கு நேரே பிரிண்டர்.

பேச்சுப் பயிற்சிக்கு மாதம் ஒருமுறை வேலூர் போனோம். அங்கிருந்த பெண் பொறுமையானவள். இரண்டாவது தடவை போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சார், அவங்களுக்கு நாம பேசறது நிறைய புரியுது. பதில்தான் வர மாட்டேங்குது. தலையாட்டறதைக்கூட நம்பாதீங்க. ஆமான்னு நினைச்சிகினு இல்லன்னு ஆட்டுவாங்க. அதனால படம் வெச்சிக்குங்க. தண்ணி, சாப்பாடு, ஃபேன், பாத்ரூம், இப்படி. எது வேணுமோ அதை அவங்க கையால எடுத்துக் காட்டட்டும்."

"நெட்ல படம் எடுத்துக்கலாங்களாம்மா?"

"வேணாம் சார். அவங்க தண்ணி குடிக்கிற டம்ளரையே போட்டோ எடுங்க. அவங்க ஃபேன், அவங்க கட்டில், அவங்க பொண்ணு. எவனோ ஊட்டு டம்ளரை அவங்க எதுக்குப் பாக்கணும்?"

அன்று சாயங்காலமே போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் படம் பிடித்தேன். டம்ளர், தட்டு, ஃபேன், பாத்ரூம் கதவு, அவள் மாத்திரை டப்பா, நீலப் போர்வை. என்னை நானே ஒன்று எடுத்துக்கொண்டேன். மகளும் மாப்பிள்ளையும் நிற்கும் ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து மகளின் முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். "வேலைக்குப் போயிருக்கிறார்" என்பதற்கு எங்கள் கம்பெனி பஸ்ஸின் படம் ஒன்று போனில் இருந்தது. இதையெல்லாம் அவள் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்டர் மேலிருந்த துண்டை எடுத்து ஸ்விட்சைப் போட்டதும் அவள் உடம்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

மெஷின் முனகிக்கொண்டு எழுந்தது. முதலில் டம்ளர். எவர்சில்வர் டம்ளரில் என்ன நிறம் இருக்கிறது, நன்றாகவே வந்தது. ஃபேன் வந்தது. போர்வையின் நீலம் வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மகளின் முகத்தைக் கொடுத்துவிட்டு அடுப்பில் கஞ்சி பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போட்டு அழுதாள். எழுந்து நிற்கப் பார்த்துக் கட்டிலின் விளிம்புக்கு வந்திருந்தாள். தாள் அவள் எட்டிப் பிடிக்கும் இடத்தில்தான் வந்து விழுந்திருக்கிறது. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். "வருது, வருது, வருது."

தாளை வாங்கிப் பார்த்தேன். மகளின் முகம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. உதடு கறுத்திருந்தது. நெற்றிப் பொட்டு இருந்த இடத்தில் வெளிறிய மஞ்சளில் ஒரு புள்ளி. மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் நினைத்துவிட்டாள் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உடனே மகளுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் சமையலறையில் நின்றுகொண்டு, முகமெல்லாம் வியர்வையோடு, "இன்னாப்பா, இன்னா ஆச்சி?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. அம்மா கிட்ட பேசு. சிரி. கிட்ட வந்து முகத்தைக் காட்டு."

என் மனைவி போன் திரையை விரலால் தடவினாள். மகள் பேசப் பேச மூச்சு நிதானத்துக்கு வந்தது. ஆனால் அன்று முழுவதும் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைக் கிழித்து அடுப்பங்கரைக் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் நான்கு நிறங்களையும் சோதிக்கும் பக்கம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து அடித்துப் பார்த்தேன். கறுப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் கட்டம் கட்டமாக நின்றன. சிவப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மெஜந்தா என்று தொட்டியில் போட்டிருக்கும் ரோஜா நிற மை. தொட்டியின் அடியில் கொஞ்சம் இருந்தது. இருந்தும் தாளுக்கு வரவில்லை.

போனில் வீடியோ பார்த்தேன். மை தெளிக்கும் முனையைக் கழுவ ஹெட் கிளீனிங் போடச் சொன்னார்கள். போட்டேன். உள்ளே கறகறவென்று ஏதோ உறிஞ்சும் சத்தம். மறுபடி சோதனைப் பக்கம். வெறுமை. மறுபடி கிளீனிங். இந்தத் தடவை ரோஜா நிறத்தில் இரண்டு கோடு, முடியிழை போல. எனக்கு ஆசை வந்துவிட்டது. தொட்டியில் புது மை வாங்கி ஊற்றினேன். கிளீனிங் மேல் கிளீனிங்காகப் போட்டுக்கொண்டே இருந்தேன். வந்த இரண்டு கோடும் போயின. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், மற்ற மூன்று குழாயும் நிறைந்திருக்க, ரோஜா நிறக் குழாயில் மட்டும் இடையிடையே வெள்ளையாக இடைவெளி தெரிந்தது.

அவள் கட்டிலிலிருந்து இடது கையைத் தூக்கி, விரலெல்லாம் விரித்து, உள்ளங்கையை என் பக்கம் காட்டினாள். "வருது." நான் தண்ணீர் கொண்டுபோனேன். டம்ளரைத் தள்ளிவிட்டாள். மறுபடி அதே உள்ளங்கை. பாத்ரூமா என்றேன். ஃபேனைக் குறைக்கவா என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சொன்னாள், "அப்பா, எதுக்கு இந்த பேஜாரு? பஸ் ஸ்டாண்டு கிட்ட ஸ்டுடியோவுல குடுத்தா அரை மணில போட்டுத் தரப்போறாங்க." அவள் சொன்னது நியாயம். அன்றே அவளும் நானும் போய், எல்லாப் படங்களையும் வழவழப்பான தாளில் போட்டு வாங்கி வந்தோம். நிறமெல்லாம் கண்ணைப் பறித்தது. கட்டிலில் ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தோம்.

என் மனைவி ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஸ்டுடியோவின் சீல் இருந்தது. படத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் இடது கையால் ஒன்றாகக் கூட்டி, மகளின் மடியில் தள்ளினாள். பிறகு பிரிண்டரைக் காட்டினாள்.

"அம்மா, அது ரிப்பேருமா. இது நல்லா கீதில்ல?"

"வருது" என்றாள். அந்தக் குரல் எங்கள் இருவருக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷமாகத் திட்டுக் கேட்ட குரல். வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு வெளியே போய்ப் படம் போட்டு வந்திருக்கிறோம். மகளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு பாதியிலேயே வேறாகி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன். மை பாட்டில் விற்கும் கடைக்காரர்தான் அவர். நடுத்தர வயது. என் மனைவி அவரிடம்தான் எப்போதும் மை வாங்குவாள் போலிருக்கிறது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவர் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"இன்னாக்கா இது" என்றார் மெதுவாக. "ரொம்ப நாளா கடைப் பக்கம் காணமேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"வருது" என்றாள் அவள். இடது கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு, பேச்சை மாற்றுவதுபோல் மெஷின் பக்கம் திரும்பி மூடியைத் திறந்தார்.

"சார், கிளீனிங் நெறைய போட்டீங்களா?"

"போட்டேன்."

"அதான். நீங்க ஊத்தறதுக்கு முந்தியே தொட்டியில ரோஸ் மை கீழ்க்கோட்டுக்கும் கீழ போயிருக்கு. அதோட மாசக்கணக்குல வெயில்ல கெடந்திருக்கு. ஹெட்டுல காஞ்சிபோய் அடைச்சிகிச்சி. நீங்க இழுக்க இழுக்க குழாயில காத்துதான் ஏறும். ஒரு தடவை, ரெண்டு தடவை போட்டுட்டு அப்படியே உட்டுடணும். ஒரு நாள் சும்மா இருந்தா காத்து தானா மேல ஏறிப்பூடும், மை கீழ எறங்கும். அக்காவுக்குத் தெரியுமே. அவங்க ரிப்பேருக்கே கூப்பிட மாட்டாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரித்த அந்த உள்ளங்கை நினைவுக்கு வந்தது. பொறுங்க, விடுங்க, கொஞ்சம் சும்மா விடுங்க என்று அவள் சொல்லியிருக்கிறாள். இத்தனை நாளும் நான் தண்ணீர் டம்ளரோடு போய் நின்றிருக்கிறேன்.

மெக்கானிக் தரையில் பேப்பர் விரித்து வேலையைத் தொடங்கினார். ஊசியில்லாத சிரிஞ்சால் ரோஜா நிறக் குழாயின் முனையிலிருந்து மெல்ல இழுத்தார். முதலில் நுரை நுரையாகக் காற்று வந்தது. பிறகு மை. ஹெட்டுக்கு அடியில் கழுவும் மருந்தில் நனைத்த டிஷ்யூவை மடித்து வைத்தார். மேலே சின்னக் குழாய் ஒன்றை மாட்டி, சிரிஞ்சில் அதே மருந்தைத் துளித்துளியாகச் செலுத்தினார். "அழுத்தக் கூடாது சார். அழுத்தினா ஹெட்டு பூடும்." டிஷ்யூவில் முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு அடர்ந்த ரத்த நிறத்தில் ஒரு கோடு கசிந்தது. அது பரவிப் பரவி இளஞ்சிவப்பானது. என் மனைவி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தறி சத்தம் நின்று, அந்தப் பெண்ணும் வந்து வாசற்படியில் நின்றாள்.

"இன்னிக்கு ஒண்ணும் போடாதீங்க. நாளைக்கு மத்தியானம் டெஸ்ட் அடிங்க. வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் அவர். போகும்போது கட்டிலருகே நின்று, "நல்லாயிடும்க்கா" என்றார். இரண்டில் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுவந்து பிரிண்டர் முன்னால் உட்கார வைத்தேன். பட்டனை அவளே இடது கையால் அழுத்தினாள். நான்கு கட்டமும் வந்தன. ரோஜாக் கட்டத்தில் மட்டும் ஓரிடத்தில் மயிரிழை அளவு விட்டுப்போயிருந்தது. அதை நகத்தால் தொட்டுக் காட்டினாள். "பரவாயில்லம்மா" என்றேன். அவள் முகம் அப்படியொன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மகளின் முகம் வந்தபோது, பொட்டு சிவப்பாக, கன்னம் கன்னமாக வந்தபோது, தாளை மார்போடு வைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. படங்களையெல்லாம் வெட்டி, அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு முறத்தில் வைத்தோம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை எடுப்பாள். புழுக்கமென்றால் ஃபேன். வலியைக் காட்ட, நானே நெற்றியில் கை வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்த படம் ஒன்றைச் செய்திருந்தேன். அதை முதல் நாளே கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டாள். எடுத்து வைத்தால் மறுபடி வீசினாள். வலியே இல்லையா, அப்பா மூஞ்சி பிடிக்கவில்லையா என்று மகள் கேலி செய்தாள். புதிது புதிதாகவும் போட்டோம். இட்லி, முறுக்கு, கொடியில் காயும் அவளுடைய சிவப்புச் சேலை, பக்கத்து வீட்டுப் பெண். அந்தப் பெண் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணி, என்னையும் டம்ளரோட சேத்துட்டீங்களா" என்றாள். என் மனைவி சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறும் சிரிப்பு.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். விடுப்பெல்லாம் தீர்ந்து, அதற்கு மேலும் தீர்ந்திருந்தது. வந்து சேர், இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடு என்றார் மேனேஜர். கெட்ட மனிதரில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். பகல் ஷிப்ட் மட்டும் தருவதாகச் சொன்னார். நான் போனில் பேசியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் முறத்தைத் தன் பக்கம் இழுத்து வெகுநேரம் தேடினாள். இரண்டு படங்களை எடுத்துப் போர்வையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நான். இன்னொன்று கம்பெனி பஸ்.

"நான் வேலைக்குப் போவட்டுமா?"

"வருது."

"போவ வேணாங்கிறியா?"

"வருது." தலையை ஆட்டினாள். ஆமா என்றும் தெரியவில்லை, இல்லை என்றும் தெரியவில்லை.

"சரி. போறதுன்னா என் படத்தை பஸ்ஸு மேல வை. வேணாம்னா பஸ்ஸைத் தூக்கிப் போடு."

அவள் இரண்டையும் பார்த்தாள். இரண்டையும் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள். விளிம்போடு விளிம்பு ஒட்டும்படி. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன கேட்கிறீர்கள் என்பதுபோல் ஒரு பார்வை.

மறுநாளும் அதே இரண்டு படம். அதற்கு மறுநாளும். மகளைக் கேட்டேன். "போன்னுதான்பா சொல்லுது. நீ வீட்லயே கெடந்தா அம்மாவுக்குப் புடிக்காது, உனக்குத் தெரியாதா" என்றாள். பேச்சுப் பயிற்சிப் பெண்ணைக் கேட்டேன். அவள், "எதையும் நீங்களா முடிவு பண்ணாதீங்க சார், திரும்பத் திரும்பக் கேளுங்க" என்றாள். திரும்பத் திரும்பக் கேட்டேன். திரும்பத் திரும்ப அதே இரண்டு படம்.

கடைசியில் வேலைக்குப் போனேன். பகலில் பக்கத்து வீட்டுப் பெண் தறிக்கும் எங்கள் முன்னறைக்குமாக நடந்து பார்த்துக்கொண்டாள். மகள் வாரத்தில் பாதி நாள் வந்திருந்தாள். முதல் நாள் காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலருகே வந்தபோது என் மனைவி அழவில்லை, கையைப் பிடித்து நிறுத்தவுமில்லை. என் சட்டையின் மேல் பொத்தானை இடது கையால் போட முயன்றாள். ஒரு கையால் அது ஆகவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

"சாயங்காலம் ஆனா எடுத்து வெச்சிக்கிறாங்கண்ணா" என்று ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். "உங்க படத்தையும் பஸ்ஸையும். நீங்க வர்ற வரைக்கும் அதையே பாத்துகினு உக்காந்திருப்பாங்க." அப்படியென்றால் அவள் போகச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை, வேறென்னவோ சொல்லியிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். காலையிலும் அதே படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்ப்பாள் என்று மகள் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் வைப்பது?

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை பக்கத்து வீட்டுப் பெண்ணால் பேசவே முடியவில்லை. அவள் புருஷன் வாங்கிப் பேசினார். "வேலூருக்கே கூட்டிகினு போறோம். நீங்க நேரா அங்க வந்துடுங்க." கம்பெனிக் காரில் கொண்டுபோய் விட்டார்கள். வழியெல்லாம் ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு வரவுமில்லை. சில நாட்கள் மூச்சு மட்டும் இருந்தது. மகள் அவள் காதருகே குனிந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழுந்துபோன வலது கை. அதுதான் என் பக்கம் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து உறவினர் போன பிறகு, ஒருநாள் மகளும் நானும் மட்டும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். கட்டிலைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தோம்.

"அம்மா போன்னு தான்ப்பா சொல்லிச்சி" என்றாள் மகள், நான் எதையும் கேட்காமலே.

"அப்படியா?"

"ஆமா."

"நீ எப்படிச் சொல்ற?"

சாய்த்து வைத்த கட்டிலின் சட்டத்தைத் தடவிக்கொண்டே, "வேற எப்படிச் சொல்றது" என்றாள்.

அவள் எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. தனக்காகவும்தான். என்னை வேலைக்குப் போகச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. இப்போதும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. சில நாள் என் மனைவி போங்க என்கிறாள். சில நாள் போகாதீங்க என்கிறாள். இன்னும் சில நாள், உங்களையும் அந்த பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. எது உண்மையென்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ஒரு சொல்லோடு இன்னும் ஒரு சொல் இருந்திருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

மெஷினை விற்கவில்லை. யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. ஓய்வு நாளில் ஒரு வண்ணப் பக்கம் அடித்துவிட்டு மூடி வைக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வெம்பாக்கம் பக்கத்து ஊரிலிருந்து வருகிற ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை. அவளுடைய அம்மா வீடு எங்கள் தெருவின் கோடியில் இருக்கிறதாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் போனில் வந்திருக்கிறது, அதைக் காகிதத்தில் எடுக்க வேண்டும்.

"அக்கா இல்லீங்களா?"

"இல்லம்மா" என்றேன். அக்கா வெளியே போயிருக்கிறார்கள் என்று வந்தவள் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் அப்பறமா வரட்டுங்களா? அக்காதான் நல்லா எடுத்துக் குடுப்பாங்க. எங்க கல்யாண சர்ட்டிபிகேட்டு கொஞ்சம் சாஞ்சி வந்துடுச்சின்னு திரும்பப் போட்டுக் குடுத்தாங்க."

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் கேட்டு வெளியே வந்து, தலையை அசைத்து ஏதோ சொல்லிவிட்டாள். வந்தவளின் முகம் மாறியது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேங்க."

"பரவாயில்லம்மா. உள்ள வந்து உக்காரு. போனைக் குடு."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். குழந்தை பிரிண்டரின் விளக்கையே பார்த்தது. சான்றிதழ் மெதுவாக இறங்கி வந்தது. மேலே இருந்த முத்திரை நல்ல சிவப்பில் விழுந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நேராக இருக்கிறதா என்று ஓரத்தை இன்னொரு தாளோடு வைத்துப் பார்த்து, மடங்காமல் ஒரு பழைய உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அவளும் ஒன்றும் சொல்லாமல், குழந்தையின் தலையைச் சேலையால் மூடிக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.